தீக்கு விறகு போடுவது யார்?

பெருங்குடியில் தீ! குப்பை மேடு எரிந்தது!

2022-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி அது நடந்தது. தீயணைப்பு வண்டிகள் விரைந்தன. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். ஆனாலும் தீ ஒரே நாளில் அடங்கவில்லை. நாள் கணக்கில் புகைந்தது. சுற்று வட்டாரத்தில் குடியிருந்தவர்கள் மூச்சுத் திணறி அவதிப்பட்டார்கள்.

மறு ஆண்டு மார்ச் மாதம் கேரளத்திலும் இதே கதை. கொச்சியை அடுத்த பிரம்மபுரத்தில் குப்பை மேடு பற்றி எரிந்தது. பத்து நாட்களுக்கு மேல் அணையவில்லை.

மூன்று பொருள்கள்

தீ எரிய மூன்று வேண்டும். சூடு, காற்று, விறகு. கோடை வெயிலை யாரும் தடுக்க முடியாது. காற்றையும் கட்டிப்போட முடியாது. விறகை அகற்ற முடியும்!

காட்டில் காய்ந்த புல்லும் சருகும்தான் விறகு. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீ பரவியது. மலையேறச் சென்றவர்களில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். காட்டுத் தீ பரவாமல் இருக்க, வனத்துறையினர் கோடைக்கு முன்பே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள்.

பெருங்குடியில் காடு இல்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குப்பைதான் மலையாகக் குவிந்தது. பிளாஸ்டிக் பை, பழந்துணி, ரப்பர், காகிதம் எல்லாம் விறகு. மிஞ்சிய சோறும் காய்கறித் தோலும் கூட விறகுதான். அவை காற்றுப் படாமல் புதைந்து அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகும். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் அதே வாயுதான்! ஆழத்தில் கனலும் தீயை, மேலே ஊற்றும் தண்ணீர் எளிதில் எட்டுவதில்லை.

என்ன செய்ய வேண்டும்?

பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, மண் வேறு பிளாஸ்டிக் வேறாகப் பிரிக்கும் வேலையை மாநகராட்சி மேற்கொண்டது. ஏக்கர் கணக்கில் நிலம் மீட்கப்பட்டது. நல்ல காரியம்! ஆனால் ஒரு பக்கம் அள்ளி, மறு பக்கம் கொட்டினால் என்ன பயன்? ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பிய கதைதான்.

ஆகவே, வேலை அடுப்பங்கரையில் தொடங்க வேண்டும். ஈரக் குப்பைக்கு ஒரு கூடை. காய்ந்த குப்பைக்கு ஒரு கூடை. ஈரக் குப்பை மட்கினால் செடிக்கு உரம். காய்ந்த குப்பையில் பெரும்பகுதி பழைய பொருள் கடைக்குப் போகும். பிறகு மேட்டில் எரிய என்ன இருக்கும்?

"பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே!" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இல்லத்தரசி பிரித்ததை லாரி கலக்கக் கூடாது. அதைக் கண்காணிப்பது அதிகாரிகளின் கடமை. தட்டிக் கேட்பது மக்களின் உரிமை. லாரி கலக்கிறது என்று வீட்டிலும் கலந்துவிட்டால், கேட்கும் உரிமை எங்கே இருக்கும்?

எங்கோ மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீசிய குப்பைக்காக, பெருங்குடிக் குழந்தை ஏன் இரும வேண்டும்?

தீ வந்த பிறகு ஓடுவதைவிட, விறகை இன்றே எடுப்பது மேல்!