நீரால் மடியும் முட்செடி



போரூர் ஏரிக்கு அருகிலுள்ள ஐயப்பன்தாங்கலில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியபின், பால்கனிக் கைப்பிடிச் சுவர்களில் கள்ளித் தொட்டிகளும் பெருகிவிட்டன. "ஒன்றும் செய்ய வேண்டாம், தானே வளரும்" என்று கூறித்தான் இவற்றை விற்கிறார்கள். அப்படியிருந்தும் வீடுகளில் அடிக்கடி மடியும் செடிகளுள் இதுவும் ஒன்று.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்குவோம். நம் பழந்தமிழர் கண்ட கள்ளி, சதுரக்கள்ளி போன்ற பால் வடியும் இனம். கிள்ளினால் வெண்பால் வரும். அது கண்ணில் பட்டால் பெருந்துன்பம். கடைகளில் 'காக்டஸ்' என்று விற்கப்படுவதோ அமெரிக்கக் கண்டங்களின் குடிமகன். அதில் ஒவ்வொரு முட்கொத்தும் பஞ்சுபோன்ற சிறு திட்டிலிருந்து எழும். திருநாட்டுக்குத் திருப்பயணம் சென்றோர் சப்பாத்திக்கள்ளி வேலிகளைப் பார்த்திருப்பர். 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த பின்னரே அச்செடி அங்குச் சென்றது. நம் ஆண்டவர் அதைக் கண்டிருக்க வழியில்லை. 'கிறிஸ்துவின் முள்முடி' என்று விற்கப்படும் செடியின் தாயகமும் மடகாஸ்கர் தீவுதான்.

சப்பாத்திக்கள்ளிக்கும் நம் சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு. அச்செடியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் செஞ்சாயம், மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியருக்குப் பெரும் செல்வமாயிருந்தது. அத்தொழிலை இங்கே நிறுவ விரும்பிய மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795-இல் வங்காளம் வந்து சேர்ந்த பூச்சியோ தரம் குறைந்த வேறினம். சாயத் தொழில் வேரூன்றவில்லை. சப்பாத்திக்கள்ளியோ தென்னாட்டு நிலங்களில் கட்டுக்கடங்காமல் பரவியது. 1926-இல் இலங்கையிலிருந்து மற்றொரு சாயப்பூச்சியைக் கொணர்ந்து விட்ட பிறகே அதன் கொட்டம் அடங்கியது. கோடரியால் வெட்டிப் போட்ட துண்டெல்லாம் வேர்விட்டு எழுந்த செடி அது!

அத்தகைய செடி நம் தொட்டியில் மட்டும் ஏன் மடிகிறது? நம் அன்பினால்தான். வெளியூர் சென்ற மகன் வைத்துவிட்டுப் போன தொட்டிக்கு நாள் தவறாமல் நீர் வார்த்த ஒரு மூதாட்டி, "பிள்ளையைப்போலப் பார்த்தேனே, சாமி" என்று கண்கலங்கினார். செடியின் அடிப்பகுதி குழைந்து பழுப்பேறியிருந்தது. நுனியில் மட்டும் பச்சை எஞ்சியிருந்தது. அதுவே போதுமானது. அழுகல் நிறம் சிறிதுமில்லாத தூய சதை தெரியும்வரை மேலே வெட்டி, வெட்டுவாயை நிழலில் ஒரு வாரம் உலரவிட்டு, மணலில் நட்டால் வேர்பிடிக்க வாய்ப்புண்டு. உலராமல் நடுவது வீண் வேலை.

இச்செடி பகலில் தன் இலைத்துளைகளுக்கு ஒப்பான சிறு வாய்களை மூடிக்கொண்டு இரவில் திறந்து மூச்சுவிடுகிறது. எனவே நீரிழப்பு மிகக் குறைவு. வேர்கள் ஈரத்தில் ஊறிக் கிடந்தால் அழுகிவிடும். அடியில் துளையுள்ள மண்தொட்டியே நன்று. துளைமேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றை வைத்து, செம்மண், பருமணல், செங்கல் பொடி மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். பளபளக்கும் பீங்கான் கிண்ணத்தில் துளையின்றி விற்பதை நான் ஏற்பதில்லை.

நீர் ஊற்றுமுன் ஓர் ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டி வந்தால் பொறுத்திருங்கள். காய்ந்து வந்தால் துளைவழியே வழியும்வரை ஊற்றி, பின் மறந்துவிடுங்கள். தினமும் ஒரு கரண்டி என்னும் வழக்கம் வேண்டாம். வெயில் நன்று, ஆயினும் கடை நிழலிலிருந்து புதிதாக வந்த செடியைச் சித்திரை வெயிலில் உடனே நிறுத்தினால் தோல் வெந்துவிடும். முதலில் காலை வெயில் மட்டும் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தொட்டியைச் சன்ஷேடின் கீழே நகர்த்திவிடுங்கள். 2015 டிசம்பரில் பெய்ததுபோன்ற மழையை எந்தப் பாலைவனச் செடியும் தாங்காது. வெண்பஞ்சுபோல் மாவுப்பூச்சி தென்பட்டால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் சப்பாத்திக்கள்ளி வகையைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். பெரிய முள்ளைவிட, அதன் அடியில் மயிர்போல் மறைந்துள்ள நுண்முட்களே கொடியவை. விரலில் ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால் சில வந்துவிடும், எஞ்சியதை இடுக்கியால் எடுக்கலாம்.