செயற்கை நுண்ணறிவுப் பந்தயம்: மின்சாரம் யாருக்கு, புகை யாருக்கு?

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு மின்சாரத்தின் பாரம் கையில் தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பேசும். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். இரவுப் படிப்புக்கு ஜாம் போத்தல் விளக்கு.

அந்தப் பழக்கமோ என்னவோ, யாராவது ஒரு புதிய இயந்திரத்தைப் புகழ்ந்தால் அது எந்தக் கரண்டில் ஓடுகிறது என்ற கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது. அண்மையில் என் அக்காவின் மகன் உயர்தர இரசாயனவியல் கேள்வி ஒன்றைச் சட்ஜிபிடியிடம் கேட்டான். சில நொடிகளில் பதில் வந்தது. (பாதிதான் சரி என்று ரியூசன் மாஸ்டர் பிறகு சொன்னார்.) "இது போனுக்குள்ள இல்லை மாமா, கிளவுட்டில ஓடுது" என்றான்.

கிளவுட் என்றால் முகில். அந்தப் பெயரை வைத்தவர் கெட்டிக்காரர். முகிலுக்குக் காணி வேண்டாம், கிணறு வேண்டாம், அயலவர் என்று யாரும் இல்லை. உண்மையில் அது ஒரு கொட்டகை. விளையாட்டு மைதானங்களைவிடப் பெரிய கொட்டகை. அதற்குள் அடுக்கடுக்காகக் கணினிகள், அவற்றைக் குளிராக்கும் இயந்திரங்கள், வெளியே உயரழுத்த மின்கம்பிகள். உலகின் பெரிய நிறுவனங்கள் இப்போது போட்டி போட்டுக் கட்டிக்கொண்டிருப்பவை இவற்றைத்தான்.

2025 ஜனவரி 21 அன்று, அதாவது பதவியேற்ற மறுநாள், ஜனாதிபதி ட்ரம்ப் வெள்ளை மாளிகையில் 'ஸ்டார்கேட்' என்ற திட்டத்தை அறிவித்தார். ஓபன் ஏஐ, ஒரக்கிள், ஜப்பானின் சொப்ட்பாங்க் ஆகியவற்றின் தலைவர்கள் அருகில் நின்றார்கள். நான்கு ஆண்டுகளில் 500 பில்லியன் டொலர் என்றார்கள். அதன் முதல் வளாகம் டெக்சாஸ் மாநிலத்தின் அபிலீனில். அது முழுமையடையும்போது கேட்கும் மின்சாரம் சுமார் 1,200 மெகாவாட். எங்கள் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் சேர்ந்தே 900 மெகாவாட்தான். முழு இலங்கையும் மாலையில் விளக்கைப் போடும் உச்ச நேரத்தில் கேட்பது 3,000 மெகாவாட்டை ஒட்டியது. ஸ்டார்கேட்டின் மொத்த இலக்கோ 10,000 மெகாவாட்.

இந்தப் பசிக்குக் காரணம், கூடுதல் கணினிகளில் கூடுதல் தரவுகளைக் கொடுத்துப் பழக்கினால் இயந்திரம் கூடுதலாக அறியும் என்ற நம்பிக்கை. அது ஓரளவு உண்மையும் கூட. ஆனால் நம்பிக்கையைவிட இரண்டாவதாக வந்துவிடுவோமோ என்ற பயம்தான் பணத்தை இறைக்க வைக்கிறது என்று நான் நினைக்கிறேன். இதற்கான சிப்களை வடிவமைப்பது என்விடியா. செய்து கொடுப்பது தாய்வானின் டிஎஸ்எம்சி. அதற்கு வேண்டிய மிக நுட்பமான இயந்திரத்தைச் செய்வது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும். ஒருகாலத்தில் சிப் கிடைக்காததுதான் தடையாக இருந்தது. இப்போது மின்சாரமே தடை. கொட்டகையை மாதங்களில் கட்டலாம். மின்நிலையமும் கம்பிப் பாதையும் வர ஆண்டுகள் எடுக்கும். பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 விபத்து நடந்தது இரண்டாவது உலையில். 2019இல் மூடப்பட்ட முதலாவது உலையைத் திரும்ப இயக்குவதற்கு 2024இல் ஒப்பந்தம் போட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு அதன் மின்சாரத்தை வாங்கப்போவது மைக்ரோசொப்ட்.

காத்திருக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு டெனஸி மாநிலத்தின் மெம்பிஸ் நகரைப் பார்க்கலாம்.

மெம்பிஸின் தென்மேற்கு மூலையில் பொக்ஸ்டவுன் என்று ஒரு குடியிருப்பு உண்டு. 1860களில் அடிமைத்தளையில் இருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், கைவிடப்பட்ட ரயில் பெட்டிகளின் பலகைகளைக் கொண்டு வந்து வீடு கட்டிக் குடியேறிய இடம். பெயரும் அந்தப் பெட்டிகளால் வந்ததுதான். பிறகு அவர்களைச் சுற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது, உருக்காலை வந்தது, நிலக்கரி மின்நிலையம் வந்தது. 2021இல் ஒரு எண்ணெய்க் குழாய்ப் பாதையை அவர்களின் காணிகளுக்கூடாகக் கொண்டுபோக முயன்றபோது, இளைஞர்கள் ஊரைத் திரட்டி அதை நிறுத்தினார்கள். நகரின் குடிதண்ணீரைத் தரும் நிலத்தடி மணற்படுகைக்கு மேலாக அந்தக் குழாய் போகவிருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில் எலோன் மஸ்க்கின் எக்ஸ்ஏஐ நிறுவனம் அருகில் இருந்த ஒரு பழைய தொழிற்சாலைக்குள் வந்தது. அதற்கு முன் அங்கே சமையல் அடுப்பு செய்த நிறுவனமும் அரச சலுகைகளோடு வந்து, சில ஆண்டுகளில் மூடிவிட்டுப் போனது. எக்ஸ்ஏஐயின் வருகையை அறிவிப்பு வெளியான நாளில்தான் அறிந்தோம் என்று நகரசபை உறுப்பினர்கள் சிலரே சொன்னார்கள். 122 நாட்களில் ஒரு இலட்சம் சிப்களோடு 'கொலோசஸ்' என்ற கணினி இயங்கத் தொடங்கியது. பின்னர் அது இரண்டு இலட்சமானது. இந்த வேகத்தைத் தொழில்நுட்ப உலகம் வியந்தது.

அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. நகரின் மின்கட்டமைப்பால் அவ்வளவு மின்சாரத்தை உடனே கொடுக்க முடியவில்லை. நிறுவனம் எரிவாயுவில் ஓடும் பெரிய மின்பிறப்பாக்கிகளை லொறிகளில் கொண்டுவந்து நிறுத்தியது. ஒரு கடைக்குப் பின்னால் இரையும் ஜெனரேற்றரை நினைக்க வேண்டாம். ஒரு சிறு நகருக்கே மின்சாரம் கொடுக்கக் கூடியவை அவை. 2025 வசந்த காலத்தில் சுற்றாடல் சட்டத்தரணிகள் ஆகாயத்தில் இருந்து படம் எடுத்துப் பார்த்தபோது 35 இருந்தன. அவற்றுக்குக் காற்று மாசு அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. 364 நாட்களுக்குக் குறைவாக ஒரே இடத்தில் நிற்பவை தற்காலிகமானவை, அவற்றுக்கு அனுமதி தேவையில்லை என்று உள்ளூர் சுகாதாரத் திணைக்களம் விளக்கம் சொன்னது.

தற்காலிகம் என்ற சொல் எங்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. தற்காலிக முகாம், தற்காலிகக் கொட்டில், தற்காலிகமாக எடுத்த காணி.

2025 ஏப்ரலில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைப் பற்றியும் புற்றுநோயில் இறந்த உறவினரைப் பற்றியும் ஆட்கள் எழுந்து பேசினார்கள். ஜூனில் கறுப்பின மக்களின் பழைய உரிமை அமைப்பான என்ஏஏசிபி வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தல் கொடுத்தது. ஜூலை 2ஆம் திகதி 15 மின்பிறப்பாக்கிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அடுத்த கட்டக் கொட்டகைக்கான மின்பிறப்பாக்கிகள் சில மைல் தள்ளி, மாநில எல்லைக்கு அப்பால், மிசிசிப்பியின் சவுத்ஹேவனில் வைக்கப்பட்டன. வரி வருமானம் வரும், கழிவுநீரைச் சுத்திகரித்துக் குளிராக்கப் பயன்படுத்துவோம், சில நூறு பேருக்கு வேலை என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. அதில் வரி வருமானம் உண்மையானது, நகரத்துக்கு அது தேவையும் கூட. ஆனால் வரி நகரத்துக்கு, புகை பொக்ஸ்டவுனுக்கு.

இதை வாசித்தபோது எனக்குச் சம்பூர் நினைவுக்கு வந்தது. 2006இல் குண்டுவீச்சுக்குள் ஓடிய சனம் திரும்பி வருவதற்கிடையில் அவர்களின் நிலத்தில் அனல்மின் நிலையம் கட்டுவதற்குத் தீர்மானித்திருந்தார்கள். 2015இல் சனம் திரும்பியது, 2016இல் அந்த நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. பொக்ஸ்டவுனும் ஒரு முறை வென்றது. வென்ற ஊர் என்று பார்த்து அடுத்த திட்டம் விலகிப் போகவில்லை.

மின்கட்டணமும் இதில் ஒரு பங்கு. வேர்ஜீனியா உட்பட 13 மாநிலங்களுக்கு மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் பீஜேஎம் அமைப்பில், எதிர்காலத் தேவைக்காக மின்நிலையங்களுக்குக் கொடுக்கும் தொகை 2024 ஏலத்தில் ஒரே தடவையில் ஒன்பது மடங்குக்கு மேல் ஏறியது. தரவு மையங்களே முக்கிய காரணம் என்று அந்தச் சந்தையின் கண்காணிப்பாளரே எழுதினார். அயர்லாந்தில் 2023இல் நாட்டின் மின்சாரத்தில் 21 வீதம் தரவு மையங்களுக்குப் போனது. நகரப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து பாவித்ததைவிட அது கூட. உலக அளவில் 2024இல் இது சுமார் 1.5 வீதம்தான், ஆனால் தரவு மையங்கள் பாவிக்கும் மின்சாரம் 2030இல் இரு மடங்கைத் தாண்டும் என்பது சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் கணிப்பு.

இனிப் பணத்துக்கு வருவோம். 2025 செப்டெம்பரில் என்விடியா, ஓபன் ஏஐயில் 100 பில்லியன் டொலர் வரை முதலிட உத்தேசித்திருப்பதாக அறிவித்தது. ஓபன் ஏஐ அதைக்கொண்டு கட்டும் கொட்டகைகளுக்குள் வைக்கப்போவது என்விடியாவின் சிப்கள். ஓபன் ஏஐ ஒரக்கிளிடம் 300 பில்லியன் டொலருக்குக் கணினி வசதியை வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் செய்ததாகச் செய்தி வந்தது. ஒரக்கிள் அதற்காகக் கடன் வாங்குகிறது, அந்தக் கடனில் வாங்குவதும் என்விடியாவின் சிப்கள். ஊர்க் கடைக்காரர் ஒருவர் தன்னுடைய சாமானை வாங்கச் சொல்லி வாடிக்கையாளருக்குத் தானே காசும் கொடுத்து, மாலையில் இன்று வியாபாரம் நன்றாக நடந்தது என்று கொப்பியில் எழுதுவது போன்றது இது. கொப்பியில் எழுதியதில் பொய் இல்லை. சாமானும் போனது, காசும் வந்தது. வெளியில் இருந்து ஒரு சதம் வந்ததா என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் வருகிறது. 2025 இறுதியில் தமது வருடாந்த வருமானம் 20 பில்லியன் டொலர் என்ற மட்டத்தைத் தாண்டும் என்று ஓபன் ஏஐயின் தலைவர் சாம் ஒல்ட்மன் சொன்னார். அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொரு எண், எட்டு ஆண்டுகளில் தாங்கள் செலவிட ஒப்புக்கொண்டிருக்கும் தொகை: சுமார் 1.4 ட்ரில்லியன் டொலர்.

தொண்ணூறுகளின் இறுதியில் இணைய மோகத்திலும் இப்படித்தான் பணத்தைக் கொட்டினார்கள், அப்போது புதைத்த கண்ணாடி இழைக் கேபிள்கள் பிறகு பயன்பட்டன அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். கேபிள் மண்ணுக்குள் இருபது ஆண்டுகள் கிடக்கும். சிப் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். மிஞ்சுவது கொட்டகையும் கடனும். சீனாவின் டீப்சீக் நிறுவனம் 2025 ஜனவரியில் குறைந்த செலவில் செய்த மாதிரியை வெளியிட்டபோது, என்விடியாவின் சந்தைப் பெறுமதி ஒரே நாளில் 590 பில்லியன் டொலர் அளவுக்கு விழுந்தது. இனிச் செலவைக் குறைப்பார்கள் என்று நானும் நினைத்தேன். பிழைத்துவிட்டேன். அந்த ஆண்டு செலவு கூடியது, ஒக்டோபரில் என்விடியா 5 ட்ரில்லியன் டொலர் பெறுமதியைத் தொட்டது.

கொட்டகைகளை வாடகைக்கு எடுப்பவர்கள் மாணவர்களும் வியாபாரிகளும் மட்டுமல்ல. இஸ்ரேலின் 8200 என்ற உளவுப் பிரிவு, காஸாவிலும் மேற்குக் கரையிலும் வாழும் பலஸ்தீனர்களின் தொலைபேசி உரையாடல்களைப் பெருந்தொகையாகப் பதிவுசெய்து, ஐரோப்பாவில் இருக்கும் மைக்ரோசொப்டின் தரவு மையங்களில் சேமித்து வைத்திருந்ததாக 2025 ஓகஸ்டில் கார்டியன் பத்திரிகை வெளிப்படுத்தியது. செப்டெம்பரில் மைக்ரோசொப்ட் அந்தப் பிரிவுக்கான சில சேவைகளை நிறுத்தியது. அதற்கு முன்பே அந்தத் தரவு வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டுவிட்டதாகவும் கார்டியன் எழுதியது. தொலைபேசியில் பேசும்போது குரலைத் தாழ்த்திப் பழகிய எங்கள் தலைமுறைக்கு இதில் விளக்கம் தேவையில்லை. முன்பு ஒட்டுக்கேட்பவருக்கு ஒரு எல்லை இருந்தது. எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க ஆளில்லை. இப்போது கேட்பதற்கு ஆள் தேவையில்லை, வைப்பதற்கு இடமும் இருக்கிறது.

பந்தயம் எங்கள் கடலுக்கும் வந்துவிட்டது. 2025 ஒக்டோபரில் கூகுள், விசாகப்பட்டினத்தில் ஐந்து ஆண்டுகளில் 15 பில்லியன் டொலர் செலவில் ஆயிரம் மெகாவாட் அளவிலான தரவு மையத்தைக் கட்டப்போவதாக அறிவித்தது. பங்காளிகளில் ஒன்று அதானி குழுமம். அதே குழுமம்தான் அந்த ஆண்டு பெப்ரவரியில் மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்தில் இருந்து விலகியது. அது விலகிய பிறகும் மன்னாரில் வேறு காற்றாலைகளுக்கு எதிரான போராட்டம் ஓயவில்லை. இலங்கையையும் இந்தியாவையும் மின்கம்பியால் இணைக்கும் பேச்சும் தொடர்கிறது. அந்தக் கம்பி போடப்பட்டால் மன்னாரின் காற்றையும் சம்பூரின் வெயிலையும் விலைகொடுத்து வாங்கக் கூடியவர்களின் வரிசையில் யாழ்ப்பாணத்து ஐஸ் தொழிற்சாலையும் விசாகப்பட்டினத்துக் கொட்டகையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அந்த வரிசையில் விலையைத் தீர்மானிப்பது யார், மன்னார் மீனவருக்கு அதில் என்ன பங்கு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டிய விடயம். மெம்பிஸில் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் கூடியபோது கொலோசஸ் ஓடத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.