மதிப்பீடு: இரண்டு அர்த்தம்



கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் முதல் பத்துப் பக்கத்தை நான் படிப்பதில்லை. வங்கியில் கிளார்க்கு வேலை பார்க்கிறவனுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் பழக்கம் இது. வழவழப்புத் தாள், சிரிக்கிற தொழிலாளி, ‘எமது மதிப்பீடுகள்’ என்றொரு பட்டியல். எல்லாத்தையும் தள்ளிவிட்டு நேரே எண்களுக்குப் போய்விடுவோம். எங்களுக்கு மதிப்பீடு என்றால் வேறு: அடமானத்துக்கு வரும் நிலம் என்ன விலை போகும் என்று பார்த்து எழுதுவது. ஒரே சொல்லின் இந்த இரண்டு அர்த்தமும் முட்டிக்கொண்ட இடம் ஒன்றைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டொமினியன் எனர்ஜி என்றொரு கம்பெனி. மின்சாரமும் எரிவாயுவும் அதன் தொழில். தன் பூர்வீகத்தை 1787 வரை கொண்டுபோகிறது, அப்பமாட்டக்ஸ் ஆற்றில் படகுப் போக்குவரத்துக்காக அமைத்த குழு ஒன்றிலிருந்து. வர்ஜீனியாவில் மனுஷனை ஏலம் போட்டு விற்ற காலம் அது. பூர்வீகம் எழுதுகிறவர்கள் ஆற்றை எழுதுவார்கள், ஏலத்தை எழுதமாட்டார்கள். நம்மூர்த் தலபுராணமும் அப்படித்தானே. இந்தக் கம்பெனியின் மதிப்பீடுகளில் முதலிரண்டு: பாதுகாப்பு, அறநெறி. குற்றம் சொல்ல என்ன இருக்கு?

2014இல் இக்கம்பெனி ட்யூக் எனர்ஜி முதலிய கம்பெனிகளோடு சேர்ந்து ‘அட்லாண்டிக் கோஸ்ட் பைப்லைன்’ திட்டத்தை அறிவித்தது. மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினா வரை 600 மைல் எரிவாயுக் குழாய். 2017 அக்டோபரில் மத்திய ஆணையம் அனுமதி தந்தது. அந்தத் தாள் கையில் இருந்தால், விற்க மறுக்கிறவன் நிலத்திலும் தனியார் கம்பெனி கோர்ட் வழியாகக் குழாய் பதிக்கும் உரிமையை வாங்கிவிடலாம்.

குழாய்க்குள் போகப்போக வாயுவின் அழுத்தம் குறையும். ஆகவே வழியில் நிறுத்தி மறுபடி அழுத்தித் தள்ள நிலையங்கள் வேண்டும். அந்த 600 மைலுக்கும் மூன்று நிலையங்கள். வர்ஜீனியாவுக்கென்று ஒன்று. ஐம்பதாயிரம் குதிரைசக்திக்கு மேல், எரிவாயுவிலேயே ஓடும் டர்பைன்கள். நைட்ரஜன் ஆக்ஸைடு, ஃபார்மால்டிஹைடு, நுண்துகள் எல்லாம் இரவும் பகலும் காற்றில் கலக்கும். அதை எங்கே வைப்பது என்று மாநிலம் முழுக்கத் தேடி அவர்கள் கண்டுபிடித்த இடம் பக்கிங்ஹாம் கவுண்டியில், யூனியன் ஹில் பக்கத்தில்.

யூனியன் ஹில் யார் ஊர்? உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபிறகு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்கள் நிலம் வாங்கிக் குடியேறிய ஊர். இன்றைக்கும் அவர்களுடைய வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் பெயர் பொறிக்காத அடிமைகளின் கல்லறைகள். நிலையத்துக்குக் கம்பெனி வாங்கிய மனையோ பழைய பண்ணையார் தோட்டத்து நிலம். முன்னோர் சவுக்கடி பட்ட மண்ணிலிருந்தே பேரன்களுக்குப் புகை வரட்டும் என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் எண்கள் வருகின்றன. அது ஜன நெருக்கம் குறைந்த பகுதி என்றார்கள். எப்படி? பெரிய வட்டாரத்தின் சராசரியை எடுத்தால் காடும் மேடும் சேர்ந்து ஆட்களை விழுங்கிவிடும். சராசரி என்பது லேசுப்பட்ட ஆயுதமில்லை, தோழர்களே. ஊரார் என்ன செய்தார்கள்? ஒரு மானுடவியலாளரின் துணையோடு வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். நிலையத்தைச் சுற்றி ஒரு மைல் சொச்சத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை தலைமுறையாக, யாருக்கு ஆஸ்துமா என்று எழுதினார்கள். கணக்கெடுத்தவர்களில் 83 சதவீதம் வெள்ளையரல்லாதவர்.

கம்பெனி 51 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது: சமுதாயக்கூடம், அவசர மருத்துவ வண்டி இப்படி. ஊர் இரண்டாகப் பிளந்தது. வாங்கலாம் என்றவர்களை நான் ஏசமாட்டேன். இத்தனை வருஷம் ஆம்புலன்ஸ் ஒழுங்காக வராத ஊரில், புகைக்கூண்டோடு சேர்ந்துதான் ஆம்புலன்ஸ் வரும் என்று ஆக்கிவைத்தது யார்?

2019 ஜனவரியில் மாநிலக் காற்று வாரியம் அனுமதி தந்தது. 2020 ஜனவரி 7இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமித்து அதை ரத்து செய்தார்கள். அந்த இடத்தில் யார் வசிக்கிறார்கள் என்ற கேள்விக்கே வாரியம் முடிவு சொல்லவில்லை, அவர்களுக்குக் கூடுதல் கேடு வருமா என்று ஆராயவில்லை, மின்சாரத்தால் ஓடும் டர்பைனை யோசிக்கவுமில்லை என்றது தீர்ப்பு. வாரியம் பதில் சொல்லாத அந்தக் கேள்விக்கு, கதவு தட்டி எழுதிய காகிதத்தில் விடை இருந்தது. 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். இன்றைக்கு நாம் கேட்டு வாங்க வேண்டிய நகல் யூனியன் ஹில்லின் அந்தக் கணக்கெடுப்புப் படிவம். பிற மொழி தெரிந்த மாணவத் தோழர்கள் யாராவது தமிழாக்கினால் இந்த இதழில் இடம் உண்டு.

2020 ஜூலை 5இல் கம்பெனிகள் திட்டத்தையே கைவிட்டன. மூன்று வாரம் முன்புதான் வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம் குழாய்க்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது, அப்படியும். சொன்ன காரணம் தாமதம், செலவு எங்கே போய் நிற்கும் என்று தெரியாத நிலை. மதிப்பிட்ட செலவு 800 கோடி டாலரைத் தொட்டிருந்தது. பாதுகாப்பு, அறநெறி எதுவும் குறுக்கே வந்து நிறுத்தவில்லை. அதே நாளில் டொமினியன் தன் எரிவாயுக் குழாய்த் தொழிலின் பெரும்பகுதியை வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வேக்கு விற்பதாக அறிவித்தது. கடன் உட்பட விலை 970 கோடி டாலர்.