படமும் பஞ்சும்

காஞ்சீபுரத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் கால் வீக்கமும் ஜுரமுமாக ஆஸ்பத்திரியில் படுத்தார். மூன்றாம் நாள், முழங்கையருகே இருந்த வெளிறிய தேமல் ஒன்று டாக்டரின் கண்ணில் பட்டது. அங்கே சர்ம வைத்தியர் கிடையாது. ஜுரத்தில் கிடப்பவரை 75 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குக் கொண்டுபோவதா? டாக்டர் கைபேசியில் படம் பிடித்துச் சென்னை நிபுணர் ஒருவருக்கு அனுப்பினார்.

இது ஏதோ குறுக்கு வழியென்று நேயர்கள் எண்ண வேண்டாம். 2020 மார்ச்சு 25-ந் தேதி இந்திய அரசாங்கம் வெளியிட்ட தொலை வைத்திய விதிகள், ஒரு வைத்தியர் இன்னொருவரிடம் இவ்வாறு யோசனை கேட்பதை அனுமதிக்கின்றன. சிகிச்சைப் பொறுப்பு மட்டும் கேட்டவருடையதே. மேலும், இருதயத்தைப் பார்க்கத்தான் பெரிய யந்திரங்கள் வேண்டும். தோலோ வெளியிலேயே இருக்கிறது!

செய்தியைக் கேட்டு நெசவாளர் சிரித்தார். "படத்திலே மயில்கழுத்து நிறம் என்று வாங்கினவர்கள், புடவை கைக்கு வந்ததும் வேறு நிறம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். என் தோல் மட்டும் சரியாய்த் தெரியுமா, ஐயா?"

நியாயமான கேள்விதான். விளக்கொளி மாறினால் நிறம் மாறும். நம்மவருடைய மாநிறத்தில் சிவப்பும் எளிதில் புலப்படாது.

நிபுணர் வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. "நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் அவ்விடத்தைத் தொடுங்கள். முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்" என்று பதில் எழுதினார்.

பஞ்சு தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

பிறகு நேரில் பரிசோதித்து, தொழுநோய்தான் என்று உறுதி செய்தார்கள். அவர் மனைவி அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. செங்கற்பட்டுத் திருமணியில் 1924-ல் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோய் விடுதி ஏற்பட்ட காலத்தில், நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அந்த அம்மாள் மனத்தில் இருந்தது அந்தக் காலத்துப் பயம். 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் நோய் தீரும், மருந்து இலவசம். ஆனால் கெட்டுப்போன நரம்பை அம்மாத்திரை மீட்பது அரிது. கவனியாமல் விட்டிருந்தால் விரல்கள் மடங்கியிருக்கக் கூடும். விரல் மடங்கியவர் அறுந்த பட்டிழையை முடிவது எப்படி?

ஜுரம் தணிந்து வீடு திரும்பிவிட்டார். மாத்திரை அட்டை தறிக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கிறது. பெயரையும் தெருவையும் எழுதக் கூடாதென்பது அவர் மனைவியின் நிபந்தனை. காஞ்சியில் தறி ஓசை கேட்கும் தெருக்கள் அநேகம், தேடிப் பயனில்லை.