‘தகுதி, திறமை’க்கு விண்ணப்பக் கட்டணம் 100 டாலர்

பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும், வெள்ளைப் பெற்றோர் பலர் நகரத்தையே காலி செய்துகொண்டு புறநகருக்குப் போனார்கள். அவர்களைத் திரும்ப இழுக்க, நல்ல பாடத்திட்டத்தைக் காந்தமாக வைத்து 1970களில் பரவியவைதான் ‘மேக்னட்’ பள்ளிகள். எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்பது நோக்கம்.

அதே ‘மேக்னட்’ பெயரோடு 1985இல் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் வந்தது தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் பள்ளி. (600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவரின் பெயர்!) வானியல், நரம்பியல், கடலியல் ஆய்வகங்கள், கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். எல்லாம் மக்கள் வரிப்பணம். ஆனால் உள்ளே நுழைய நுழைவுத் தேர்வு, 100 டாலர் விண்ணப்பக் கட்டணம், இவற்றுக்கு முன்பே கோச்சிங். நீட் கோச்சிங் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கவே வேண்டாம். 2020இல் இடம் கிடைத்தவர்களில் ஏழைப் பிள்ளைகள் 1 விழுக்காடுகூட இல்லை.

அந்த ஆண்டு இறுதியில் பள்ளி வாரியம் தேர்வையும் கட்டணத்தையும் தூக்கியது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் எட்டாம் வகுப்பினரில் 1.5 விழுக்காட்டினருக்கு இடம் ஒதுக்கியது. உடனே “தரம் போச்சு” என்று கூச்சல். உண்மையில் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி 3.0இலிருந்து 3.5ஆக உயர்த்தப்பட்டது. தகுதி பேசுகிறவர்கள் இதை மட்டும் பேசுவதில்லை. மதிப்பிடுபவருக்கு மாணவரின் பெயரும் தெரியாது, இனமும் தெரியாது.

2021இல் ஏழைப் பிள்ளைகள் 25 விழுக்காடு ஆனார்கள். கறுப்பினத்தவர் 7, ஹிஸ்பானிக் 11. ஆசியர் 73இலிருந்து 54. ஆசியருக்கு அநீதி என்று ஒரு பெற்றோர் அமைப்பு வழக்குப் போட்டது. இந்திய வம்சாவளியினரும் அதில் உண்டு. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2024இல் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்கவே மறுத்துவிட்டது.

மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. 2020இல் இடம் கிடைத்த ஏழை ஆசியப் பிள்ளை ஒரே ஒருவர். 2021இல் 51 பேர். விண்ணப்பித்தவர்களில் ஆசியர் 49 விழுக்காட்டுக்கும் குறைவு. இடம் பெற்றவர்களில் 54. இதில் எந்த ஆசியருக்கு அநீதி? உணவகத்தில் தட்டு கழுவுகிறவரின் மகளும் ஆசியர்தானே! அவளைப் போன்றவர்களில் ஒரே ஒருவர் மட்டும் உள்ளே போன காலத்தில் இந்த அமைப்பினர் யாரும் நீதிமன்றப் படி ஏறவில்லை. ‘ஆசியர்’ என்ற சொல் அவர்களுக்குக் கேடயம், அவ்வளவே. நம் ஊரில் ‘பொதுப்பிரிவு’ என்ற சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

வென்றாயிற்று என்று ஓய்ந்துவிடவும் முடியாது. எட்டாம் வகுப்புக்குள் அல்ஜீப்ரா படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. அந்த வகுப்பில் யாரை உட்கார வைக்கிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் அடுத்த சண்டை.