வெளிச்சம் ஸ்டேடியத்துக்கு, ஏச்சு உம்மாவுக்கு

பிரேமதாச ஸ்டேடியத்தில் இரவு மேட்ச் என்றால் எங்கள் வீட்டு முன்னறையில் லைட் போடத் தேவையில்லை. அந்தப் பெரிய விளக்குகளின் வெளிச்சம் ஜன்னலால் உள்ளே வந்துவிடும். விக்கெட் விழுந்தால் முதலில் சத்தம்தான் வரும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தம்பியின் போனில் அந்தப் பந்தைப் போடுவார்கள். "இப்ப அவுட் ஆகப் போறான் பாருங்க" என்று எங்களுக்கு ஆரூடம் சொல்வான். அவனுக்கு 12 வயது. நடந்து போகிற தூரத்தில் நடக்கிற ஆட்டத்தை, மெத்தையில் படுத்துக்கொண்டு, உள்ளங்கை அளவு திரையில் பார்க்கிறான். கிரிக்கெட் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் அவன் கடைசியாக ஓடிப்போய் ஒரு பந்தைப் பிடித்தது எப்போது என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

நாங்கள் இருப்பது மாளிகாவத்தைத் தொடர்மாடி ஒன்றில், நான்காம் மாடி. ஏறி வருவதற்குள் தம்பி இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினான். அதனால் போன மாதம் அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். நிறை கூட. வயதுக்கு பிரஷரும் கொஞ்சம் கூட. டாக்டர் தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை, உம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "போனைக் கையில கொடுத்துட்டு நீங்க என்ன செய்றீங்க? கண்ட கண்ட ஷோர்ட் ஈட்ஸ் கொடுக்கிறத நிப்பாட்டுங்க. வெளிய விட்டு விளையாட வைங்க." அவ்வளவுதான், அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வரும்போது த்ரீவீலில் உம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து அபாயாவைக் கழற்றும்போதுதான் கேட்டா: "வெளிய எண்டா எங்க மகள்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்ன விஷயம் பிழை இல்லை. இதய நோய் என்பது 50 வயது மாமாமாருக்கு வருகிற வருத்தம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாரடைப்பு அந்த வயதில் வரலாம். ஆனால் அதற்கான வேலை பள்ளிக்கூட வயதிலேயே தொடங்கிவிடுகிறது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களைப் பரிசோதித்த ஆய்வொன்று 1953இல் வெளிவந்தது. அவர்களின் சராசரி வயது 22. அப்படியிருந்தும் 77 வீதமானவர்களின் இதயக் குழாய்களில் நோயின் அடையாளம் இருந்தது. 22 வயது என்பது இதை வாசிக்கிற நம்மில் பலருடைய வயது. பிறகு 1970களில் அமெரிக்காவில் பொகலூசா என்ற சிறு நகரத்துப் பிள்ளைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் விபத்து போன்ற காரணங்களால் இள வயதில் இறந்தவர்களின் உடல்களையும் பரிசோதித்தார்கள். நிறை, பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் கூடியிருந்தவர்களின் குழாய்களில்தான் கொழுப்புப் படிவும் கூட இருந்தது.

ஒல்லியான பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்பதும் பொய். பிரித்தானியாவில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2023இல் வந்தது. 11 வயதில் அவர்கள் ஒரு நாளில் சராசரியாக 6 மணித்தியாலம் அசையாமல் இருந்தார்கள். 24 வயதில் அது 9 மணித்தியாலத்துக்குக் கிட்ட. உட்கார்ந்திருந்த நேரம் கூடக்கூட இதயத்தின் இடது அறைத் தசையும் தடித்திருந்தது. நிறையையும் பிரஷரையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு இருந்தது. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் ஒரு நாளில் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சும்மா இல்லை.

போன் செய்வதும் இதுதான். அது நேராக இதயத்தைக் குத்துவதில்லை. ஓடவேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. நித்திரையைக் குறைக்கிறது. ஒரு கையில் போன் இருந்தால் மற்றக் கை மிக்ஸர் பைக்கற்றுக்குள் எத்தனை தரம் போய்வந்தது என்று பிள்ளைக்கே தெரியாது.

ஆக, மருத்துவம் சரி. என்னுடைய சண்டை அந்த மருத்துவத்தை யாருடைய தலையில் கட்டுகிறோம் என்பதோடு.

"வெளிய விட்டு விளையாட வைங்க." சரி, வெளியே போவோம். எங்கள் படிக்கட்டை விட்டு இறங்கினால் வரிசையாக த்ரீவீலும் பைக்கும். அதைத் தாண்டினால் ரோட்டு. கொரிடோரில் பந்து அடித்தால் கீழ் வீட்டு மாமி கத்துவா, அவவுடைய நியாயம் அவவுக்கு. பக்கத்தில் பி.டி. சிறிசேன மைதானம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் ஏரியா பொடியன்மார் பந்து பழகியதே அங்கேதான். ஆனால் இத்தனை ஆயிரம் வீடுகளுக்கு ஒரு மைதானம் என்றால் அது யாருக்குக் கிடைக்கும்? உடம்பில் பெரியவனுக்கு. 12 வயதுப் பிள்ளை ஓரத்தில் நின்று வெளியே போகிற பந்தைப் பொறுக்கிக் கொடுக்கலாம்.

அப்படியே தலையைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டேடியம் தெரிகிறது. சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டி, 1986 பெப்ரவரியில் திறந்தார்கள். 35,000 பேர் உட்காரலாம். 1997இல் இலங்கை அணி இந்தியாவுக்கு எதிராக 952 ஓட்டம் அடித்து டெஸ்ட் உலக சாதனை வைத்த இடம். ஜயசூரிய 340 அடித்த கதையை எங்கள் வாப்பா இன்றைக்கும் சொல்வார். அந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் மேட்ச் இல்லாத நாட்கள்தான் வருடத்தில் கூட. அந்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் புல்லுக்குத் தண்ணீர் போகிறது. இந்தப் பக்கம் பிள்ளைக்கு நடக்க ஒரு துண்டு நிலம் இல்லை. இவ்வளவு பெரிய விளையாட்டரங்கின் நிழலில் வளர்கிற பிள்ளையைப் பார்த்து "சோம்பேறி" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அடுத்தது போன். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பாடசாலை மூடினார்கள், படிப்பு சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போனது. தம்பி அப்போது சின்ன வகுப்பு. போன் இல்லாத பிள்ளைக்குப் பாடம் இல்லை என்ற நிலை. நாள் சம்பளத்தில் ஓடுகிற வீடுகள் கடன் பட்டு போன் வாங்கின. அதே வருடம் மே மாதம், இதே மாளிகாவத்தையில், பெருநாளைக்கு முன்னால் கொடுத்த உதவிப் பணத்தை வாங்க நின்ற கூட்டத்தில் நெரிபட்டு மூன்று பெண்கள் இறந்தார்கள். எங்கள் ஊர் அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். அந்த நிலையிலும் பிள்ளையின் படிப்புக்காக வாங்கிய போனைத்தான் இன்றைக்குப் பறிக்கச் சொல்கிறார்கள். பறிக்கலாம். ஆனால் தம்பியின் ஹோம்வேர்க் இன்றைக்கும் வட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை, அதற்கு முந்தைய வருடத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. அந்த வருடம் எங்கள் குசினியில் மீனும் முட்டையும் குறைந்தன, சோறு குறையவில்லை. பிறகு விலை ஏறுகிற வேகம் குறைந்தது. ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. வேலைக்குப் போகிற உம்மாமாருக்குக் காலையில் கைக்கு எட்டுவது ரோல்ஸ், பெட்டிஸ், நூடுல்ஸ். மாவும் எண்ணெயும் உப்பும் வயிற்றை நிரப்பும், குறைந்த காசில். பழம் அப்படி நிரப்பாது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016இல் இனிப்புப் பானப் போத்தல்களுக்கு நிறப் புள்ளி வந்தது. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. நல்ல வேலை. 2017இல் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரியும் போட்டார்கள். அடுத்த வருடமே அதைக் குறைத்துவிட்டார்கள். கம்பனிக்கு வலித்தால் வரி இறங்கும். உம்மாவுக்கு வலித்தால் ஏச்சு மட்டும் அப்படியே இருக்கும்.

இனி எங்கள் பக்கம். எல்லாப் பழியையும் அரசாங்கத்தில் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. புலமைப்பரிசில் என்று சொல்லி ஒன்பது வயதுப் பிள்ளையின் சனியையும் ஞாயிறையும் டியூஷனுக்கு விற்றது நாங்கள்தான். விளையாட்டுப் பாடத்தில் கணக்கு டீச்சர் வந்து "சிலபஸ் முடியல்ல" என்றால் நன்றி சொல்கிற பெற்றோரும் நாங்கள்தான். பெண் பிள்ளைகளைப் பற்றியோ பேசவே வேண்டாம். தம்பிக்குப் போக இடம் இல்லை. எனக்கு இடம் இருந்திருந்தாலும் 12 வயதுக்குப் பிறகு போக விட்டிருக்க மாட்டார்கள். "பெரிய புள்ள, என்னத்துக்கு ஓட்டம்" என்றார்கள். பெண்ணின் நெஞ்சுக்குள்ளும் அதே இதயம்தான் இருக்கிறது. அதற்கும் 60 நிமிடம் வேண்டும். ஆண் பிள்ளையின் நிறைக்காக டாக்டரிடம் ஓடுகிற நாங்கள், ஓடவே விடாத பெண் பிள்ளைகளை ஒரு நாளும் கணக்கெடுத்ததில்லை.

என்னையும் சொல்ல வேண்டும். போன செமஸ்டரில் சிறுவர் உரிமைகள் பற்றி ஒரு அசைன்மென்ட் எழுதினேன். அதை நிம்மதியாக எழுத, தம்பி சத்தம் போடாமல் இருக்க, மூன்று மணித்தியாலம் அவன் கையில் போனைக் கொடுத்தது நான்தான். நல்ல மார்க்ஸ் வந்தது.

"சும்மா சாக்குச் சொல்லாதீங்க, மனம் இருந்தா வழி இருக்கு" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு லண்டன் பஸ் கதையைச் சொல்கிறேன். 1953இல் ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே கம்பனி. நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்மாரைவிட, இரண்டு தட்டு பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்மாருக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. கண்டக்டர்மார் யாரும் உடற்பயிற்சி செய்ய மனம் வைத்து வேலைக்குப் போகவில்லை. அவர்களுடைய வேலையின் அமைப்பு அவர்களை அசைய வைத்தது, அவ்வளவுதான். மனம் என்பது அமைப்புக்குப் பிறகுதான் வரும். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மனம் கூட என்று அவர்கள் நீச்சல் பழகுவதில்லை. ஃபீஸ் கட்ட ஆள் இருக்கிறது, கூட்டிக்கொண்டு போக வாகனம் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பாடசாலை விட்ட பிறகு அதன் முற்றத்தை மஃரிப் வரைக்கும் ஏரியாப் பிள்ளைகளுக்குத் திறந்து வையுங்கள், ஒரு ஆள் நின்று பார்த்தால் போதும். மைதானத்தில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஒரு மணித்தியாலம், பெண் பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் என்று எழுதி ஒட்டுங்கள், அந்த நேரத்தில் பெரிய நானாமார் ஒதுங்கி நில்லுங்கள். மேட்ச் இல்லாத நாளில் ஸ்டேடியச் சுவருக்குள் ஒரு மூலையையாவது எங்கள் பிள்ளைகளுக்குத் தாருங்கள். விளையாட்டுப் பாடத்தை யாரும் களவெடுக்க விடாதீர்கள். டாக்டர்மாரே, உம்மாமாரை ஏசுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கட பிள்ளைக்கு விளையாட இடம் இருக்கா?"

அதுவரைக்கும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. அஸருக்குப் பிறகு நானும் தம்பியும் படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம், கீழே இருந்து நான்காம் மாடிக்கு ஐந்து தரம். முதல் நாள் மூன்றாவது தரத்திலேயே உட்கார்ந்துவிட்டோம், முதலில் உட்கார்ந்தது நான். இப்போது இரண்டாம் மாடியில் இருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். கீழ் வீட்டு மாமி இதற்கும் கத்துகிறா. கத்தட்டும், படிக்கட்டாவது எங்களுக்கு இருக்கிறதே.

ஆனால் படிக்கட்டு மைதானம் இல்லை. அடுத்த மேட்ச் நாளிலும் அந்த வெளிச்சம் எங்கள் ஜன்னலால் உள்ளே வரும். உம்மாவின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.