கியூபாவில் எஞ்சியிருந்த ஸ்லாத்

பனியுகக் காலத்துப் பேருயிர்கள் ஏன் அழிந்தன என்ற வாதம் ஓய்வதாக இல்லை. தட்பவெப்ப மாற்றமே காரணம் என்பது ஒரு சாரார் கூற்று. மனிதனின் வேட்டையே காரணம் என்பது மறுசாரார் கூற்று. அமெரிக்கக் கண்டங்களில் இவ்விரண்டும் ஏறத்தாழ அடுத்தடுத்து நிகழ்ந்ததால் பிரித்தறிவது கடினம். பொருளாதாரம் பயிற்றுவித்த எனக்கு இது பழகிய இக்கட்டு. வரியும் வட்டியும் ஒரே ஆண்டில் மாறினால், விலை எதனால் உயர்ந்தது என்று சொல்ல இயலாது. ஒன்று மட்டும் மாறிய ஓர் இடத்தைத் தேட வேண்டும்.

அத்தகைய இடம் கியூபா. அங்கே மெகலாக்னஸ் என்னும் தரைவாழ் ஸ்லாத், கரடியின் அளவில் வாழ்ந்தது. (ஸ்லாத்தைத் தேவாங்கு என்று எழுதுவோர் உண்டு, அது முற்றிலும் வேறு இனம்.) டேவிட் ஸ்டெட்மனும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட கதிர்க்கரிமக் கணிப்பின்படி, வட அமெரிக்கப் பெருநிலத்தின் தரை ஸ்லாத்துகள் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன. கியூபாவிலோ, 2007-இல் வெளியான ஆய்வு காட்டியபடி, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்வரை மெகலாக்னஸ் உயிரோடிருந்தது. பனியுகம் முடிந்து, கடல் உயர்ந்து, தீவின் தாழ்நிலங்கள் மூழ்கியபோதும் அது பிழைத்தது. மனிதர் குடியேறிய பின்னரே அழிந்தது.

எனினும் இதைப் படுகொலை என்று சொல்ல நான் தயங்குவேன். மனிதரும் ஸ்லாத்தும் அத்தீவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அச்சமூட்டுவது இந்த நீண்ட இடைவெளிதான்.

வகுப்பறைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தீவில் 10,000 விலங்குகள். பிறப்பு இறப்பைவிட ஆண்டுக்கு ஒரு விழுக்காடு மிகுதி. ஆண்டுக்கு 100 விலங்குகளை வேட்டையாடினால் தொகை குறையாது. 101 என்றால்? முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் 9,965 எஞ்சியிருக்கும். எந்த வேடனும் குறைவை உணரமாட்டான். ஆனால் முதல் குறைய வட்டியும் குறைகிறது. சுமார் 460 ஆண்டுகளில் ஒன்றுகூட மிஞ்சாது. இன்றுள்ள ஸ்லாத்துகள் ஒரு பேற்றில் ஒரு குட்டியே ஈனுபவை. அவற்றின் உறவினமான மெகலாக்னஸும் மெல்லப் பெருகியிருந்தால், உபரி என்று பெரிதாக எதுவும் இருந்திராது.

இந்தக் கணக்கை இன்றைய கொள்கை வகுப்போர் பார்ப்பதாகத் தெரியவில்லை. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பதாக உறுதி பூண்டன. நல்ல இலக்குதான், ஆனால் பரப்பளவு, அளப்பதற்கு எளிது என்பதாலேயே முதன்மை பெற்றுவிடுகிறது. மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் வாகிட்டா என்னும் சிறு கடல் பாலூட்டி வாழ்கிறது, டால்பினுக்கு உறவானது. அதன் வாழிடத்தில் 1993-இலேயே உயிர்க்கோளக் காப்பகம் அமைக்கப்பட்டது. 1997-இல் சுமார் 570 வாகிட்டாக்கள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அவற்றை யாரும் வேட்டையாடவில்லை. வேறு மீன்களுக்கு விரித்த செவுள்வலைகளில் சிக்கியே அவை மாண்டன. காப்பகம் இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. அண்மைக் கணக்கெடுப்புகளில் தென்பட்ட வாகிட்டாக்கள் பத்தளவில்தான்.